வால் வைத்த பொட்டு

உடைந்ததைக் காதால் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஓசூரில் பிரேக் பாகங்கள் வார்க்கும் கம்பெனி ஒன்றில், இன்ஸ்பெக்ஷன் டேபிளில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். வரும் ஒவ்வொரு பீஸையும் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவேன். நல்ல பீஸ் மணி மாதிரி இழுத்துப் பேசும். உள்ளே கீறல் விழுந்தது டப்பென்று வாயை மூடிக்கொள்ளும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் நண்பன் மணிவேலின் முழங்காலில் கடப்பாரை இறங்கியபோது, அவன் கத்துவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கால் இனிப் பழைய கால் இல்லை.

ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் பொட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தட்டிப் பார்த்து நன்றாக இருந்தால் பீஸின் ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் மார்க்கரால் ஒரு பொட்டு வைப்போம். பொட்டு இருந்தால் ஓகே. இல்லாததைப் பேக்கிங்கில் யாரும் கையால் தொடமாட்டார்கள். எங்கள் லைனில் நான்கு இன்ஸ்பெக்டர்கள். யார் பார்த்தது என்று பின்னால் தெரிய வேண்டும் அல்லவா, அதனால் ஆளுக்கொரு அடையாளம் ரிஜிஸ்டரில் பதிந்திருக்கும். என்னுடையது வால் வைத்த பொட்டு. வைத்த கையோடு கீழே ஒரு சின்ன இழுப்பு. பேக்கிங்கில் இருப்பவர்கள் பெட்டியில் அடுக்கும் முன் பொட்டை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார்கள். ஈரமாக இருந்தால் பக்கத்துப் பீஸில் ஒட்டிவிடும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் தொடுவதால் அது அவர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிடும்.

முனிவேல் என்று ஒருவன், மணிவேல் இல்லை, அப்படித்தான் பேக்கிங்கில் இருந்தான். காண்ட்ராக்ட் ஆள். அவன் மனைவி பூங்கொடியும் அதே பெஞ்சில் அவனுக்கு எதிரில் நிற்பாள். இரண்டு வருடம் என் டேபிளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள், என் பொட்டைத் தொட்டுத் தொட்டே சம்பளம் வாங்கியவர்கள். போன வருடம் ஒருநாள் நான் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில், டார்கெட் முடியவில்லை என்று சூப்பர்வைசர் கத்தியதற்குப் பயந்து, நான் தட்டாத ஒரு ட்ரே பீஸ்களுக்கு முனிவேல் தானே பொட்டு வைத்துவிட்டான். வால் இல்லாத பொட்டு. திரும்பி வந்ததும் பார்த்துவிட்டேன். எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று என் மனைவி ஃபிசா சொல்வாள். அன்றைக்கு லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"இதப் போட்டுக்கிட்டு ஒருத்தன் வண்டி ஓட்டுவான்டா. பிரேக் புடிக்காம செத்தா, நீயா போய் அவன் பொண்டாட்டிகிட்ட பதில் சொல்லுவ?"

எச்சரித்துவிட்டு விட்டிருக்கலாம். நான் அவன்மேல் புகார் எழுதிக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. கொஞ்ச நாளில் பூங்கொடியும் நின்றுவிட்டாள். நான் செய்தது சரிதான் என்று நினைத்தேன். இன்றைக்கும் அந்த ஒரு விஷயத்தில் அப்படித்தான் நினைக்கிறேன், அதுதான் கொடுமை.

மணிவேல் எங்கள் மெஷின் ஷாப்பில் இருப்பவன். கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே அவன் வீட்டுக்குத் தக்காளித் தோட்டம் இருக்கிறது. அதில் கால் வைக்காமல் தப்பிக்கவே ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். மூடிக் கிடக்கும் கட்டடங்களைப் போட்டோ எடுப்பது எங்கள் பைத்தியம். ஆளில்லாத விடுதி, பூட்டிய மில், முக்கியமாகப் பழைய ஆஸ்பத்திரிகள். துருப்பிடித்த கட்டில் வரிசையில் ஜன்னல் வெயில் விழுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றில் ஒரு அமைதி வரும். வாரம் முழுக்கச் சத்தத்திலேயே நிற்பவனுக்கு அது போதும். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்திருந்தோம். எதையும் எடுக்கக் கூடாது, எதையும் உடைக்கக் கூடாது, எந்த இடம் என்று சொல்லக் கூடாது. இவை எங்கள் சட்டங்கள்.

நான்காவது சட்டம் நான் போட்டது. ஆந்திர எல்லைப் பக்கம் ஒரு விடுதியில் மணிவேலின் கால் மாடித் தளத்தைத் துளைத்துக்கொண்டு தொடைவரை இறங்கிவிட்டது. அன்றிலிருந்து எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் நான் சுத்தியலோடு முன்னால் போவேன். ஒவ்வொரு அறைத் தளத்தையும் தட்டிப் பார்ப்பேன். தாங்கும் என்றால் வாசல்காலின் இடதுபக்கம், முழங்கால் உயரத்தில், மஞ்சள் பொட்டு. பொட்டு இல்லாத வாசலைத் தாண்டக் கூடாது. கம்பெனிப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்துவிட்டான் என்று மணிவேல் கேலி செய்வான். ஆனால் குனிந்து பார்க்காமல் ஒரு அறைக்குள்ளும் நுழையமாட்டான்.

குந்தாரப்பள்ளியைத் தாண்டி மாந்தோப்புகளுக்குள் போனால் அந்த ஆஸ்பத்திரி வரும். காசநோய்க்காரர்களுக்காக ஏதோ ஒரு டிரஸ்ட் நடத்தி, பதினான்கு வருடம் முன்பு மூடியது. கீழ்த்தளம், மேலே ஒரு மாடி. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய காலத்து மேல்தளம். மூன்று வாரம் முன்பு போய் மாடி முழுக்கத் தட்டிப் பார்த்திருந்தோம். தாழ்வாரமும் எட்டு அறைகளும் ஓகே. தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த பெண்கள் வார்டு மட்டும் தட்டியதும் வாயை மூடிக்கொண்டது. கீழே ஸ்டோர் ரூமில் நின்று அண்ணாந்து பார்த்தோம். உத்திரங்களின் முனைகளைச் சுவரோடு சுவராகக் கரையான் தின்று தீர்த்திருந்தது. தளம் பழக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அந்த வாசலுக்கு நான் பொட்டு வைக்கவில்லை.

அந்த ஞாயிறு கீழ்த்தளத்து எக்ஸ்ரே அறையை எடுப்பதாகத் திட்டம். ஜன்னலே இல்லாத இருட்டறை. இரண்டு பேருடைய செல்போன் டார்ச்சையும் போட்டு உள்ளே இரண்டு மூலையில் வைத்தால்தான் படம் வரும். மணிவேல் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். நான் வாசலில் ஸ்டாண்டில் கேமராவை மாட்டி நின்றேன். வெளிச்சம் சுவரில் ஏறியதும் பொத்தானை அழுத்தினேன். அப்போதுதான் பார்த்தேன். கதிர் வெளியே போகாதபடி சுவரில் பதித்திருந்த, எடைக்குப் போட்டால் நல்ல காசு வரும் ஈயத் தகடு பாதிவரை உரிக்கப்பட்டு, வாழைப்பட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே இரண்டு பேர் குந்தியிருந்தார்கள்.

எங்கள் சத்தம் கேட்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தவர்கள். வெளிச்சம் அவர்கள் முகத்தில்தான் அடித்தது.

"யாரோ நீனு?" என்று பெரியவன் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே எழுந்தான். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் துண்டு. "போட்டோவா புடிக்கிற?"

மணிவேல் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். "ண்ணா, நாங்க சும்மா போட்டோ..." என்று தொடங்கினான். முடிக்கவில்லை. அந்த ஆள் தகடு நெம்பும் கடப்பாரையைத் தலைக்குமேல் ஓங்கக்கூட இல்லை. களை வெட்டுகிற மாதிரி பக்கவாட்டில் வீசினான். முதலில் அந்தச் சத்தம். பிறகு மணிவேலின் அலறல். அவன் விழுந்த பிறகு தோளில் ஒன்று, விலாவில் ஒன்று. ஈரத்துணியை அடித்துத் துவைக்கிற சத்தம் வந்தது. அந்த ஆள் முகத்தில் கோபமே இல்லை. வேலையை முடிக்கும் முகம்.

நான் ஓடினேன். இதை வேறு மாதிரி எழுத எனக்கு வழியில்லை. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு, தரையில் கிடந்தவனை விட்டுவிட்டு, மாடிப்படி ஏறி ஓடினேன். பாதி ஓட்டத்தில் என் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் மூளை திரும்பியது. போன் இரண்டும் கீழே. மாடிக்கு இருப்பது அந்த ஒரே படி. ஜன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. மணிவேலை உயிரோடு வெளியே கொண்டுபோக வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

"டேய் கேமராக்காரா." கீழே படியடியில் அவன் குரல். மணிவேலைச் சட்டைக் காலரைப் பிடித்து அங்கே இழுத்து வந்திருந்தான். வழியெல்லாம் தரையில் ரத்தம் துடைப்பத்தால் இழுத்த மாதிரி கிடந்தது. "இவனுக்கு இன்னும் ஒரு காலு மிச்சம் இருக்குது. கேமராவ எடுத்துக்கிட்டு பா இல்லி. மரியாதையா எறங்கி வா."

"தர்றேங்க. அவன விட்டுடுங்க. கேமரா, கார்டு எல்லாம் தர்றேன்."

கைப்பிடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். கொடுத்துவிடத்தான் நினைத்தேன், அல்லாஹ் அறிவான். அப்போது அந்த ஆளுக்குப் பின்னால் நின்ற இன்னொருவன் அண்ணாந்து பார்த்தான். தாடி விட்டிருந்தான், இளைத்திருந்தான், ஆனால் முனிவேல். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. தெரிந்த முகம். நம்ம லைன் ஆள்.

"முனிவேலு. டேய், நான்தான்டா, சமீரு."

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது. பெயர் சொன்னதும் கீழே எல்லாம் நின்றுவிட்டது. மணிவேல்கூட முனகுவதை நிறுத்தினான். அந்தப் பெரியவன் மெதுவாகத் திரும்பி முனிவேலைப் பார்த்தான்.

"உன்னத் தெரியுமா அவனுக்கு?"

"ஒரே கம்பெனிங்க, திம்மப்பண்ணா."

"அப்போ கேமரா எதுக்கு?" என்றான் திம்மப்பன். "அவன் வாயி இருக்குதே." கடப்பாரையை முனிவேலின் கையில் திணித்தான். "உன் பேரத்தான கூப்பிட்டான். நீயே போ. முடிச்சிட்டு வா."

"அண்ணா, வேணாண்ணா. கேமராவ வாங்கிக்கலாம்."

திம்மப்பன் மணிவேலின் உடைந்த முழங்காலின்மேல் செருப்புக் காலை வைத்து அழுத்தினான். மணிவேல் கத்திய கத்தலில் மேலே புறாக்கள் எழுந்து பறந்தன. "நீ போற வரைக்கும் எடுக்கமாட்டேன்" என்றான். முனிவேல் படியேறத் தொடங்கினான்.

தாழ்வாரத்தில் படியைப் பார்த்தபடியே பின்வாங்கி நடந்தேன். அறைகளின் மஞ்சள் பொட்டுகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. அவன் படிகளில் நின்று நின்று வந்தான். கடப்பாரை நுனி படிக்குப் படி டங் டங்கென்று இடித்தது.

"சமீர்ண்ணா." குரலைத் தணித்துக் கூப்பிட்டான். "எங்க இருக்கீங்க? பேசிக்கலாம் வாங்க."

நான் தாழ்வாரத்தின் கடைசிவரை பின்வாங்கினேன். என்னால் வேலை போனவன் கடப்பாரையோடு வந்து பேசிக்கலாம் என்றால் நான் என்ன நினைப்பேன்.

"இந்தப் பொட்டெல்லாம் உங்களுதுதான? வாலப் பாத்ததுமே தெரிஞ்சுதுண்ணா. ரெண்டு வாரமா இத நம்பித்தான் மேல ஏறி எறங்குறோம். திம்மப்பண்ணன்கிட்டகூடச் சொன்னேன், இவரு வெச்சா தப்பே வராதுன்னு."

அந்த வார்த்தைதான் எனக்கு வழியைக் காட்டியது. மார்க்கர் பேண்ட் பாக்கெட்டில் இருந்தது, எப்போதும் போல.

பெண்கள் வார்டு வாசலில் மண்டியிட்டேன். கேமராவைப் பைக்குள் போட்டு, தரையோடு தரையாக உள்ளே தள்ளிவிட்டேன். பை வழுக்கிக்கொண்டு போய் நடு வார்டில், வெயில் விழும் இடத்தில் நின்றது. மார்க்கரைக் குலுக்கினேன். உள்ளே இருக்கும் குண்டு கலகலத்ததும் உயிர் போய்வந்தது. இடதுபக்க வாசல்கால், முழங்கால் உயரம். வைத்தேன். வால் இழுக்க வேண்டும் என்று நான் நினைக்கவேயில்லை. கை அதுவாகவே இழுத்துவிட்டது.

எதிர் அறைக்குள் புகுந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். கீல் பக்கத்து இடுக்கில் வார்டு வாசல் முழுதாகத் தெரிந்தது.

டங் டங் சத்தம் நின்றுவிட்டது. காலடி மட்டும் வந்தது. முனிவேல் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தபடி வந்து, வார்டு வாசலில் நின்றான். பையைப் பார்த்தான். உடனே உள்ளே போய்விடவில்லை. குனிந்தான். பொட்டைப் பார்த்தான். இரண்டு வருடப் பழக்கத்தில் வலதுகை விரலை நீட்டி அதைத் தொட்டான். நான் செத்தேன் என்று நினைத்தேன், பெயிண்ட் காய்ந்திருக்காது. ஆனால் அவன் விரலைப் பார்க்கவில்லை. கண் கேமராப் பைமேல் இருந்தது. இடதுகை முழங்காலில் ஊன்றியிருந்தது.

இரண்டு கையும் காலி. கடப்பாரை அவனிடம் இல்லை.

அதை நான் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். அவன் நிமிர்ந்து, வேட்டியைச் சரிசெய்து, அடி எடுத்து வைப்பதற்கு நேரம் ஆயிற்று. "நில்லு" என்று சொல்ல அதில் பாதி நேரம்கூடத் தேவையில்லை. நான் சொல்லவில்லை.

மூன்று அடி தாங்கியது. நான்காவது அடியில் வார்டு முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு உத்திரங்கள் சுவரைவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. முனிவேல் திரும்பி வாசலைப் பார்த்துக் கையை நீட்டியது தெரிந்தது. பிறகு செங்கல்லும் சுண்ணாம்பும் மொத்தமாக உள்ளே போயின. நான் நின்ற அறைத் தளம் காலடியில் நடுங்கியது. நான் ஓகே செய்த தளம், அது நின்றது.

கீழே திம்மப்பன் ஏதோ கத்திக்கொண்டு வெளியே ஓடும் சத்தம் கேட்டது. கட்டடமே சரிகிறது என்று நினைத்திருப்பான். தோப்புக்குள் லோடு ஆட்டோ ஒன்று கிளம்பிப் போயிற்று.

புழுதிக்குள் தடவித் தடவிப் படிக்கு வந்தேன். படியின் மேல்முனையில், சுவரோரமாக, கடப்பாரை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கீழே விழுந்துவிடாதபடி, சத்தம் வராதபடி, பார்த்துச் சாய்த்து வைத்திருந்தான்.

முனிவேல் ஸ்டோர் ரூமில் கிடந்தான். அங்கே பழைய இரும்புக் கட்டில்களைத் தலைகீழாக அடுக்கியிருந்தார்கள். ஒரு கட்டில்கால் அவன் விலாவுக்குள் போயிருந்தது. இடுப்புக்குக் கீழே செங்கல். வாயெல்லாம் சுண்ணாம்பு, அதற்குள் ரத்தம் குழம்பாக வந்துகொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தது. நான் வெறிபிடித்த மாதிரி செங்கற்களைப் பிடுங்கி எறிந்தேன். நகம் பெயர்ந்ததுகூடத் தெரியவில்லை. பத்து இருபது எறிந்திருப்பேன். படியடியில் மணிவேல் "சமீரு" என்று முனகினான். அவன் குரல் நூலாகத் தேய்ந்திருந்தது. எழுந்து மணிவேலிடம் போனேன். எங்கள் போன் இரண்டையும் திம்மப்பன் எடுத்துக்கொண்டு போயிருந்தான். துண்டால் தொடையைக் கட்டி, முதுகில் போட்டுக்கொண்டு சாலைவரை நடந்தேன். பால் வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, தன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து உள்ளே போய்ப் பார்த்தபோது முனிவேலுக்கு மூச்சு இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் நான் சொன்னது இவ்வளவுதான். கடப்பாரையோடு துரத்தி வந்தான், பழைய தளம், இடிந்து விழுந்தான். எழுதிக்கொண்ட ஏட்டு, "நீ பொழச்சது உன் நல்ல நேரம்யா" என்றார். மூன்றாம் நாள் திம்மப்பனை எல்லைக்கு அந்தப் பக்கம் பிடித்தார்கள். மணிவேலை அடித்த கேஸ் அவன்மேல், இடிந்த கேஸ் கரையான்மேல். எல்லாம் சுலபமாக முடிந்துவிட்டது.

மணிவேலுக்குக் காலில் கம்பி வைத்தார்கள். முழங்கால் இனி மடங்காது. ஒருநாள் அறையில் யாரும் இல்லாதபோது என்னைக் கிட்டக் கூப்பிட்டான்.

"அந்த வார்டுக்கு நாம பொட்டு வெக்கலையே. அவன் எப்பிட்றா உள்ள போனான்?"

"வெச்சேன்."

அவன் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தான். "எனக்காகத்தான செஞ்ச" என்றான். "இத இதோட வுடு. எங்கியும் வாயத் தெறக்காத."

நானும் அப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவனுக்காகச் செய்தேன். பாதி உண்மை. மீதிப் பாதியில் பயம் இருந்தது, கோபமும் இருந்தது. என்னை நம்ப வைத்துக் கொல்ல வருகிறான் என்று நினைத்த கோபம். வேலைக்குத் திரும்பினேன். பீஸ்கள் முன்பு போலவே மணியடித்தன. தட்டுவது தட்டினேன், மார்க்கர் மூடியைத் திறக்கத்தான் நேரம் பிடித்தது. என் ட்ரேக்கள் மெதுவாக நகர்ந்தன. உடம்பு சரியில்லையோ என்று மற்ற இன்ஸ்பெக்டர்கள் பாவப்பட்டார்கள்.

முனிவேலின் காரியம் முடிந்த அடுத்த வாரம் பூங்கொடி எங்கள் வீட்டுக்கு வந்தாள். காலை பத்து மணி. ஃபிசா யாரென்று தெரியாமலே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, டீ போடப் போனாள். பூங்கொடி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். அழுது முடித்த முகம். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"சமீர்ண்ணா, இது நியூஸ் குரூப்புல வந்த போட்டோ. போலீஸ்காரங்க மேல நின்னு எடுத்தது."

வார்டு வாசல். வாசலுக்கு அந்தப் பக்கம் தளமே இல்லை, வெறும் பள்ளமும் எதிர்ச்சுவரும். அவள் விரலை வைத்து இடதுபக்க வாசல்காலைப் பெரிதாக்கினாள். மஞ்சளாக ஒரு புள்ளி. புள்ளிக்குக் கீழே வால்.

"கட்டடம் பூரா உங்க பொட்டு இருக்குதுன்னு அவரு வீட்ல சொல்லியிருக்காரு. அதனால மொதல்ல ஒண்ணும் தோணல. அங்கயும் செக் பண்ணி வெச்சிருப்பீங்க, ஏதோ தவறிப்போச்சுன்னுதான் நெனச்சேன். உங்களுக்குத் தவறாதேன்னும் நெனச்சேன்." அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "ஆனா குளிப்பாட்டுறப்போ அவரு விரலப் பாத்தேன். வலது கை. நுனியில மஞ்சப் பெயிண்ட்டு. காஞ்சு கெடந்தா விரல்ல ஒட்டுமாண்ணா?"

ஃபிசா டீயோடு வந்து, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கடப்பாரையோட தொரத்துனாருன்னு எழுதியிருக்காங்க."

"இல்ல" என்றேன். எத்தனை நாளாகவோ உள்ளே கிடந்தது, தட்டியதும் வந்துவிட்டது. "படிகிட்டயே சாய்ச்சு வெச்சுட்டு வந்தான். கையில ஒண்ணும் இல்ல. நான் பாத்தேன். நில்லுன்னு சொல்ல நேரம் இருந்துச்சு."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

"அவரு வெச்ச ஒரு பொய்ப் பொட்டுக்கு வேல போச்சு" என்றாள். "நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க. நீங்க வெச்சதுக்கு யாரு எழுதுறது?"

போனை என் கையில் கொடுத்தாள். கொடுத்த விதம் எனக்குப் பழக்கமானது. சந்தேகமான பீஸ் வந்தால் பேக்கிங் பெஞ்சிலிருந்து இப்படித்தான் ஒரு வார்த்தையும் பேசாமல் என் டேபிளுக்கு நீட்டுவாள், நான் பார்த்துச் சொல்லும்வரை கையை எடுக்கமாட்டாள். இப்போதும் எடுக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"என் பொட்டுதான்" என்றேன்.

பிறகு ஃபிசாவிடம் என் சட்டையை எடுத்துத் தரச் சொன்னேன். பூங்கொடி எழுந்து செருப்பை மாட்டினாள். போலீஸ் ஸ்டேஷனுக்கு நானும் அவளும் ஒரே பஸ்ஸில்தான் போனோம்.